அப்பாவின் மகிழுந்தைப் பணயம் வைத்த பையன்

சாலைப் பந்தயத்தையும் சூதாட்டத்தையும் பற்றிய ஓர் ஆங்கில அதிரடித் திரைப்படத்தைக் குறித்து எழுதத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. காலையில் நாம் பாடநூலைத் திறக்கச் சொல்லும் அதே பிள்ளைகள்தாம், மாலையில் வீட்டில் கைப்பேசியைத் திறக்கிறார்கள். அங்கே அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று தெரியாமல் இங்கே நாம் நன்னெறி நடத்திக் கொண்டிருந்தால், இரண்டும் இரண்டு தண்டவாளங்களாகவே ஓடும்.

நான் சொல்லவரும் படம் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்'. ராப் கோஹன் இயக்கத்தில் 2001ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. என்னிடம் இப்பொழுது ஆறாம் ஆண்டு பயிலும் மாணவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. இருந்தும் அவர்களுக்கு இப்படம் மனப்பாடம். அண்ணன் பார்த்தது தம்பிக்கு வருகிறது. மாமா பார்த்தது மருமகனுக்கு வருகிறது. வாழையடி வாழை என்பது நல்லதற்கு மட்டுமா?

படத்தைப் பார்க்காத பெற்றோர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நள்ளிரவில் இளைஞர்கள் பொதுச்சாலையை மறித்து மகிழுந்துப் பந்தயம் ஓட்டுகிறார்கள். அவர்களின் தலைவன் டாமினிக் டொரேட்டோ. இன்னொரு பக்கம், மூன்று கறுப்பு நிற மகிழுந்துகளில் வரும் ஒரு கும்பல், மின்னியல் பொருள்கள் ஏற்றிச் செல்லும் லோரிகளை ஓட்டத்திலேயே மடக்கிக் கொள்ளையடிக்கிறது. அக்கும்பலைக் கண்டுபிடிக்க பிரையன் என்னும் இளம் காவல் அதிகாரி மாறுவேடத்தில் பந்தயக்காரர்களோடு சேர்கிறான். சேர்ந்தவன், பிடிக்க வந்த ஆளையே நண்பனாக்கிக் கொள்கிறான். டாமினிக்காக வின் டீசலும் பிரையனாக பால் வாக்கரும் நடித்தனர். கதையின் கரு முற்றிலும் கற்பனையன்று. 1998இல் 'வைப்' என்ற இதழில் கென் லீ என்பவர் நியூயார்க் நகரத்துச் சாலைப் பந்தயங்களைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இதற்குத் தூண்டுதல்.

படத்தில் பந்தயம் எங்கே இருக்கிறதோ அங்கே சூதும் இருக்கிறது. முதல் பந்தயத்தில் நால்வர் ஓட்டுகிறார்கள். ஆளுக்கு 2,000 டாலர், வென்றவனுக்கு மொத்தமும். பிரையனிடம் பணம் இல்லை. ஆகவே அவன் தன் மகிழுந்தின் உரிமைப் பத்திரத்தையே பணயமாக வைக்கிறான். முன்னாளில் கலிபோர்னியாவில் அப்பத்திரம் இளஞ்சிவப்புத் தாளில் அச்சிடப்பட்டதால், அந்நிறத்தின் பெயரே பந்தயக்காரர்களிடையே பணயத்தின் பெயராகிவிட்டது. நம் நாட்டில் 'கிரான்' என்கிறோமே, அதுதான். தோற்றவன் சாவியையும் கிரானையும் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போக வேண்டும்.

இனி, நான் உண்மையில் பேச விரும்பும் ஆளிடம் வருகிறேன். அவன் கதாநாயகனும் அல்லன், வில்லனும் அல்லன். பெயர் ஜெஸ்ஸி. டாமினிக்கின் பட்டறையில் வேலை செய்யும் ஒல்லியான பையன். சாட் லிண்ட்பெர்க் என்ற நடிகர் அவ்வேடத்தை ஏற்றார். என்ஜினை எப்படி மாற்றியமைக்கலாம் என்று கணினித் திரையில் வரைந்து காட்டுபவன் அவன்தான். அவனுடைய அறிவைக் கண்டு வியக்கும் பிரையன், நீ பெரிய பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டியவனாயிற்றே என்கிறான். அதற்கு ஜெஸ்ஸி சொல்லும் பதில் ஆசிரியர்களாகிய நமக்கே சொன்னதுபோல் இருக்கும். தனக்குக் கவனக்குறைபாடு உண்டு, கணிதம் நன்றாக வரும், மற்றப் பாடங்கள் எல்லாம் தேறவில்லை, பள்ளியை விட்டுவிட்டேன், என்ஜினோடு இருக்கும்போதுதான் மனம் அமைதியாகிறது. இவ்வளவுதான். அரை நிமிடம்கூட நீளாத உரையாடல்.

ஜெஸ்ஸியின் தந்தை சிறையில் இருக்கிறார். அவருடைய வெள்ளை நிற மகிழுந்து மகனிடம் இருக்கிறது. பாலைவனத்தில் நடக்கும் பெரிய பந்தயக் கூட்டத்திற்கு அம்மகிழுந்தைக் கொண்டுவருகிறான். ஜானி டிரான் என்ற எதிராளியோடு ஓட, தந்தையின் மகிழுந்தையே பணயம் வைக்கிறான். அப்பாவின் வண்டியை வைக்கலாமா என்று பிரையன் தடுக்கிறான். ஜெஸ்ஸி கேட்கவில்லை. எதிராளியின் வண்டியைத் தான் வென்றுவிட்டால், அப்பா விடுதலையாகி வந்ததும் இருவரும் ஆளுக்கொரு வண்டியில் சேர்ந்து ஓட்டலாம் என்பது அவன் கனவு. பேராசை அன்று அது, பாசம்தான். ஆனால், எதிராளியின் வண்டி வெளியே தெரிவதுபோல் இல்லை. மூடியின் கீழே பெரும்பணம் கொட்டி மாற்றப்பட்ட என்ஜின். ஜெஸ்ஸி தோற்கிறான். தோற்றதும் வண்டியை நிறுத்தாமல் அப்படியே ஓட்டிக்கொண்டு ஓடிவிடுகிறான். சில காட்சிகள் கழித்து, பயந்து நடுங்கி டாமினிக்கின் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போது சுட்டுக் கொல்லப்படுகிறான்.

அவன் விழுந்த அடுத்த நிமிடமே துரத்தல் தொடங்கிவிடுகிறது. இசை எழும்புகிறது. தொடர்வண்டிக்கு மயிரிழை முன்னால் இரண்டு மகிழுந்துகள் தண்டவாளத்தைக் கடக்கின்றன. டாமினிக்கின் வண்டி லோரியில் மோதிக் காற்றில் உருண்டு விழுகிறது. அவன் எழுந்து நடக்கிறான். ஜெஸ்ஸிக்கு ஒரு சவ ஊர்வலம்கூடப் படத்தில் இல்லை. சிறையிலிருக்கும் அந்தத் தந்தைக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்பதும் இல்லை.

என் வகுப்பில் ஆண்டிறுதியில் பேச்சுப் பயிற்சி வைப்பது வழக்கம். பிடித்த திரைப்படத்தைப் பற்றி மூன்று மணித்துளி பேச வேண்டும். ஒரு மாணவன் இப்படத்தை எடுத்துக்கொண்டான். வழக்கமாக மேடை என்றால் கூசி நிற்கும் பையன் அவன். அன்று கை கால் எல்லாம் பேசின. கால் மைல் தூரம், பத்து விநாடி, அந்தப் பத்து விநாடி மட்டும் மனிதன் விடுதலை பெற்றவன் என்று டாமினிக் சொல்லும் கருத்தை அப்படியே அழகு தமிழில் சொன்னான். வகுப்பு கைதட்டியது. நானும் தட்டினேன், பேச்சு உண்மையிலேயே நன்றாக இருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும், "சரி, ஜெஸ்ஸி என்ன ஆனான்?" என்று கேட்டேன்.

படம் பார்த்தவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரு சார் அது?" என்றான் ஒருவன். பேசியவனுக்கே நினைவில்லை. கடைசியில் ஒரு மாணவிதான் சொன்னாள்: "அப்பா காடிய வச்சு தோத்துட்டு ஓடிப் போனானே, அவன்தானே சார்?"

பிறகு அவளே தயங்கித் தயங்கி ஒரு கேள்வியும் கேட்டாள். "அது அவங்க அப்பா காடி. அவன் எப்படி சார் அத வைக்கலாம்?"

இந்தக் கேள்வியை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். பாரதக் கதையில் தருமன் சூதாடினான். நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னையே வைத்துத் தோற்றான். அதன்பின் பாஞ்சாலியை வைத்தான். அவள் சபையைப் பார்த்துக் கேட்டாள், முதலில் தன்னைத் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று. கற்றறிந்த பெரியவர்கள் நிறைந்த சபையில் நேரான விடை வரவில்லை. அக்கதையை வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். பாரதியார் 'பாஞ்சாலி சபதம்' எழுதியதற்கும் வள்ளுவர் பொருட்பாலில் 'சூது' என்று ஓர் அதிகாரமே வகுத்ததற்கும் காரணம் இல்லாமல் இல்லை. சூதில் வரும் வெற்றியை, தூண்டில் இரும்பை இரையென்று விழுங்கிய மீனுக்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். தோல்வியை அல்ல, வெற்றியை! அதைத்தான் நாம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல மறக்கிறோம்.

சூதாடுகிறவன் தன்னுடையதை மட்டும் வைப்பதாக நினைத்துக்கொள்கிறான். அவன் வைப்பதில் பாதி, வேறு யாருடையதோ. இதை நான் படத்திலிருந்து மட்டும் கற்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவன் ஒருவன். மனக்கணக்கில் வகுப்பிலேயே அவன்தான் முதல். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரிக்குமேல் போகாது. பள்ளி முடிந்ததும் தாமான் முனையிலுள்ள மோட்டார் சைக்கிள் பட்டறையில் போய் உட்கார்ந்துகொள்வான். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அவனை அடிக்கடி பார்க்க முடியவில்லை. ஒருநாள், எங்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவன் தங்கையை அழைத்துப்போக வந்த தாயார் என்னிடம் நின்று பேசினார். மகன் அப்பொழுது படிவம் மூன்று, வயது பதினைந்து. சனிக்கிழமை நள்ளிரவுகளில், தொழிற்பேட்டையின் பின்புறமுள்ள நேர்ச்சாலையில் பையன்கள் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறார்கள். முதலில் 50 ரிங்கிட், பிறகு 100 ரிங்கிட். ஓர் இரவு, அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அதையே வைத்துவிட்டான். தோற்றுவிட்டான்.

தந்தை ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலர். வண்டிக்கு மாதத் தவணை இன்னும் முடியவில்லை. கிரான் கைமாறவில்லை, சாவி மட்டும் கைமாறியது. வண்டி பாகம் பாகமாகப் பிரிந்து போயிருக்கும். காவல் நிலையத்துக்குப் போனால் மகனும் மாட்டுவான் என்று தந்தை போகவில்லை. இல்லாத வண்டிக்கு மாதந்தோறும் தவணை கட்டிக்கொண்டு, வேலைக்கு நடந்து போய் வந்துகொண்டிருந்தார். "வீட்டுல யாரும் பேசிக்கறது இல்ல சார்," என்றார் அந்தத் தாயார்.

பையனை வரச் சொன்னேன். வந்தான். எப்படி வெல்வாய் என்று நினைத்தாய் என்று கேட்டேன். ஒரு தாளை வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டினான். முன் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள், பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள், தன் எடை, எதிராளியின் எடை. பதினைந்து வயதுப் பையன் போட்ட அந்தக் கணக்கில் நான் ஒரு பிழையும் காணவில்லை. "அப்புறம் ஏன் தோற்றாய்?" என்றேன். "அவன் பிளாக் மாத்தி இருந்தான் சார். அது எனக்குத் தெரியாது," என்றான்.

ஜானி டிரானின் வண்டியும் அப்படித்தானே? சூதாட்டத்தில் எத்தனை பெரிய கணக்கப்பிள்ளையும் தோற்பது இங்குதான். நம் கையிலிருப்பது நமக்குத் தெரியும்; எதிராளி மறைத்து வைத்திருப்பது தெரியாது. தெரியாத எண் ஒன்று உள்ளே இருக்கும்வரை அது கணக்கே அன்று.

நான் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை. அப்பா எப்படி வேலைக்குப் போகிறார் என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான். "நடந்துதான் சார். நாப்பது நிமிஷம்," என்றான். அதையும் அவன் கணக்கிட்டு வைத்திருந்தான்.

அதன்பின் பள்ளி விடுமுறைகளில் அதே பட்டறையில் கூலிக்கு வேலை செய்தான். அந்தத் தவணையில் ஒரு பகுதியை அவனே கட்டினான். பிறகு வாகனத் தொழில்நுட்பம் படிக்கத் தொழிற்கல்வி நிலையத்தில் சேர்ந்தான். தந்தை பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிக்கொண்டார். அதன் சாவியை இன்றும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் உறங்குகிறாராம். நம்பிக்கை தவணை முறையில் திரும்பி வருவதில்லை போலும்.

பந்தயம் ஓட்டும் இளைஞர்களை நம் நாட்டில் 'மாட் ரெம்பிட்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதைக் குற்றம் என்கிறது. மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கப் பதினாறு வயதும், மகிழுந்து உரிமம் எடுக்கப் பதினேழு வயதும் ஆகியிருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது. ஆனால், பிள்ளைகளுக்கு வேகத்தின் மீதுள்ள ஆசை உரிமம் எடுக்கும் வயதுவரை காத்திருப்பதில்லை. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் விடியற்காலை ஜொகூர் பாருவில், மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் சாலையில் கூடிய சிறுவர்களுள் எட்டுப் பேர் மகிழுந்து மோதி உயிரிழந்தனர். அவர்களின் வயது பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை. மிதிவண்டிதானே என்று நாம் இருந்துவிட முடியாது என்பதை அந்த விடியற்காலை நாட்டுக்கே சொல்லிற்று.

படத்துக்குத் திரும்புவோம். திரையில் காண்பதெல்லாம் எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வேகக் காட்சிகள் சிலவற்றில் நடிகர் அமர்ந்திருந்த மகிழுந்துக் கூடு, வேறொரு சிறப்பு வண்டியின்மேல் பொருத்தப்பட்டிருந்தது. அதை ஓட்டியவர் தேர்ந்த சாகச ஓட்டுநர். நடிகர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முகத்தில் வேகத்தைக் காட்டினார். சாலைகள் மூடப்பட்டிருந்தன. எதிரே வரும் வண்டிகள்கூடச் சொல்லி வைத்து வந்தவை. நம் பையன்கள் ஓட்டும் சாலையிலோ, எதிரே வரும் லோரிக்கு யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

திரைக்கு வெளியே நடந்ததும் உண்டு. பிரையனாக நடித்த பால் வாக்கர் 2013ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கலிபோர்னியாவில் மகிழுந்து விபத்தில் மாண்டார். வயது நாற்பது. புயலால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ நிதி திரட்டும் நிகழ்ச்சியிலிருந்து நண்பரின் வண்டியில் புறப்பட்டவர் அவர். வண்டியை ஓட்டியவர் நண்பர், வாக்கர் பயணிதான். அந்த நண்பரும் பிழைக்கவில்லை. மணிக்கு 72 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில் வண்டி 129 முதல் 150 கிலோமீட்டர் வரை வேகத்தில் சென்றதாக விசாரணை அதிகாரிகள் அறிவித்தார்கள். எதிராளி இல்லை, பணயம் இல்லை, சூழ்ச்சி இல்லை. வேகம் மட்டுமே இருந்தது. 2015இல் வெளிவந்த ஏழாம் படத்தை, அவருடைய தம்பியர் இருவரை நிற்க வைத்தும் கணினி வரைகலையைக் கொண்டும் முடித்தார்கள். திரையில் பிரையன் புன்னகையோடு விடைபெற்று வேறு சாலையில் பிரிந்து போகிறான். பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். கணினியால் அவ்வளவுதான் செய்ய முடியும்.

என் வகுப்பில் அந்தப் பத்து விநாடியைக் கணிதப் பாடமாகவும் நடத்தினேன். கால் மைல் என்பது ஏறக்குறைய 402 மீட்டர். அதைப் பத்து விநாடியில் கடந்தால், விநாடிக்குச் சராசரி 40.2 மீட்டர், மணிக்கு ஏறக்குறைய 145 கிலோமீட்டர். நின்ற நிலையிலிருந்து புறப்படுவதால் முடியும் இடத்தில் வேகம் இதைவிட மிகுதி. நம் நெடுஞ்சாலைகளில் உச்ச வரம்பே 110 கிலோமீட்டர்தான். பிறகு எல்லாரும் வெளியே போய் எங்கள் பள்ளியின் முன்கட்டடத்தைக் கயிற்றால் அளந்தோம். 38 மீட்டர். ஒரு முறை கண்ணை மூடி 'ஒன்று' என்று எண்ணி முடிப்பதற்குள் இந்தக் கட்டடம் முழுவதும் பின்னால் போய்விடும் என்றேன். ஆபத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் வண்டி 60 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடித்த பிறகும் வண்டி உடனே நிற்காது. வேகம் இரு மடங்கானால் நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். பேச்சுப் பயிற்சியில் டாமினிக்கைப் புகழ்ந்த மாணவனே கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்திருந்தான். கட்டடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேகத்தை விரும்புவது பாவம் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டு முதல் சிப்பாங் பந்தயத்தளம் இருக்கிறது. சிறிய மோட்டார் சைக்கிள்களுக்கென்றே 'கப் பிரி' போட்டிகள் பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கின்றன. 2016ஆம் ஆண்டு, கைருல் இடாம் பாவி என்ற பதினேழு வயது மலேசிய இளைஞர் உலக 'மோட்டோ 3' போட்டியில் அர்ஜெண்டினாவிலும் ஜெர்மனியிலும் முதலிடம் பெற்றார். அதே வேகம்தான், அதே இளமைதான். ஆனால், அங்கே தலைக்கவசம் உண்டு, மருத்துவர் உண்டு, ஒரே திசையில் ஓடும் பாதை உண்டு. தோற்றவர் தம் வண்டியிலேயே வீடு திரும்பலாம்.

ஆகவே, பெற்றோர்களே, இந்தப் படத்தைப் பார்க்காதே என்று தடுப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. 2023இல் பத்தாவது படம்வரை வந்துவிட்டது. முதல் படத்தில் லோரிகளைக் கொள்ளையடித்தவர்கள், பிற்காலப் படங்களில் உலகத்தையே காப்பாற்றுகிறார்கள். 2021இல் வந்த படத்தில் மகிழுந்தோடு விண்வெளிக்கே போய்விட்டார்கள்! பிள்ளைகள் எப்படியும் பார்ப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஜெஸ்ஸி வரும் இடங்களில் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த மகிழுந்து யாருடையது? இவன் தோற்றால் யார் நடந்து போவார்? இவனுடைய அப்பாவிடம் யார் சொல்வார்? கேள்வியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விடையை அவர்களே தேடட்டும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜெஸ்ஸி போன்ற ஒருவன் நம் ஒவ்வொருவர் வகுப்பிலும் இருக்கிறான். கட்டுரையில் நான்கு வரி எழுதுவான். பழுதான மின்விசிறியைத் தானே சரிசெய்வான். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் மின்விசிறிக்குக் கட்டம் இல்லை. அந்தக் கை ஒரு பொருளைத் தொடும்போது அவன் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். 'நீ கெட்டிக்காரன்' என்ற சொல்லை அவன் முதன்முதலில் எங்கே கேட்கப் போகிறான்? நம் வகுப்பறையிலா, நள்ளிரவுச் சாலையிலா? முதலில் சொன்னவர்கள் பின்னால்தான் அவன் போவான். படத்தில் ஜெஸ்ஸிக்கு அதைச் சொன்னவன் டாமினிக். அவன் கெட்டவன் அல்லன். அந்தப் பையனுக்குச் சோறும் இடமும் வேலையும் தந்தவன். ஆனால், அவனிடம் இருந்த பள்ளிக்கூடம் அதுதான்.

தொழிற்கல்வி என்றால் படிப்பு வராதவர்கள் போகும் இடம் என்று இன்னும் நம்மவர்கள் சிலர் நினைக்கிறார்கள். மகனைக் கல்லூரிக்கு அனுப்பினேன் என்று சொல்லிக்கொள்வதுபோல், வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறான் என்றும் உறவினர் வீட்டுத் திருமணத்தில் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அந்த ஒரு சொல் பையனின் காதில் விழ வேண்டும்.

கயிற்றால் அளந்த வாரத்தில் ஓர் எழுத்துப் பயிற்சியும் கொடுத்தேன். பந்தயத்துக்கு முந்திய இரவு ஜெஸ்ஸிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்றேன். பலர், சூது கெட்டது, ஓட்டாதே என்று எழுதியிருந்தார்கள். நல்ல கடிதங்கள்தாம். பேச்சில் டாமினிக்கைப் புகழ்ந்த பையன் வழக்கம்போல் சுருக்கமாக எழுதியிருந்தான். அதில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியதைத் தவிர நான் எதுவும் மாற்றவில்லை: "ஜெஸ்ஸி, அப்பா வரும்வரை காத்திரு. அவர் வந்ததும் அவரிடம் கேட்டுவிட்டு ஓட்டு. அவர் வேண்டாம் என்று சொன்னால், இரண்டு பேரும் அந்தக் காடியைக் கழுவுங்கள்."